பின்னச்சு எண்ணெயும் பட்டதாரிக் கைகளும்

முன்மூடியைத் தூக்கி இயந்திரத்தைப் பார்ப்பவர் பலர். முதுகில் மண் ஒட்ட மல்லாந்து கிடந்து பின்னச்சைப் பார்ப்பவர் சிலர். வண்டி வைத்திருக்கும் பத்துப் பேரை நிறுத்தி, "எஞ்சின் எண்ணெய் எப்போது மாற்றினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், நாளும் கிழமையும் சொல்வார்கள். "டிபரன்ஷியல் எண்ணெய்?" என்று கேளுங்கள்; "அதிலும் எண்ணெய் உண்டா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். அப்படிக் கேட்பவருள் பொறியியல் படித்தவரும் இருப்பார். தேர்வுத் தாளில் டிபரன்ஷியலின் படத்தைப் பல்லுக்குப் பல் வரைந்து மதிப்பெண் வாங்கியவர் அவர்!

நான் சொல்ல வந்தது சுருக்கமான செய்தி. அந்த எண்ணெயை வீட்டு வாசலில் நாமே மாற்றலாம். மாற்றவும் வேண்டும், அதிலும், படித்த பிள்ளைகள் தம் கையால் மாற்ற வேண்டும். ஆனால், செய்வதாயின் முழுவதும் செய்ய வேண்டும். வடித்தெடுத்த பழைய எண்ணெய் போய்ச் சேரும் இடம் வரைக்கும் நம் பொறுப்பு நீள வேண்டும். பாதி வேலை செய்வதைவிடச் செய்யாமல் இருப்பதே ஊருக்கு நல்லது.

பின்சக்கரங்கள் உந்தும் வண்டியில், பின்னச்சின் நடுவே பானை வயிறு போலப் புடைத்து நிற்கிறதே, அதுதான் டிபரன்ஷியல் இருக்கும் கூடு. அது எதற்கு? நம் கட்டைவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் இரு சக்கரங்களும் அச்சின் இரு முனைகளில் தனித்தனியே உருளுகின்றன. கழன்று போகாமல் கடையாணி காக்கிறது. இழுக்கும் வேலை மாட்டினுடையது. சக்கரம் உருண்டால் போதும். மூலை திரும்பும்போது வெளிச்சக்கரம் கூடுதலாக ஓடும், உட்சக்கரம் குறைவாக ஓடும். ஒன்றை ஒன்று கேட்பதில்லை. மோட்டார் வண்டியிலோ சக்கரமே தள்ள வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிப் பூட்டினால் திருப்பத்தில் ஏதேனும் ஒரு சக்கரம் தேய்ந்து இழுபடும். எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். இரு சக்கரங்களுக்கும் இடையே 1.3 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், ஒரு தெருமுனையில் நேர்கோணமாகத் திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட 2 மீட்டருக்குச் சற்று மேல் கூடுதலாக ஓடியாக வேண்டும். திருப்பம் பெரிதானாலும் சிறிதானாலும் இந்த வேறுபாடு மாறாது! பள்ளிக்கூடத்து வட்டக் கணக்குதான். போட்டுப் பாருங்கள், வியப்பாக இருக்கும்.

இந்தச் சிக்கலை அவிழ்க்கும் பல்லிணைக்கு 1828ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டுப் பெக்கூர் என்பவர் நீராவி வண்டிக்காகக் காப்புரிமை பெற்றார். சிறிய பினியன் பல்லுருளி பெரிய கிரவுன் பல்லுருளியைச் சுழற்றுகிறது. கிரவுனோடு சேர்ந்து சுழலும் கூண்டுக்குள் வேறு சில சிறு பல்லுருளிகள் இரு பக்க அச்சுகளையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நேர்வழியில் எல்லாம் ஓருடலாகச் சுழலும். திருப்பத்தில் அந்தச் சிறு பல்லுருளிகள் தாமும் உருண்டு, ஒரு பக்கம் குறைத்ததை மறுபக்கம் கொடுத்துவிடும். நம்மூர்க் கூட்டுக் குடும்பங்களுக்கு இந்த நியாயம் தெரிந்திருந்தால் எத்தனை பாகப்பிரிவினை வழக்குகள் குறைந்திருக்கும்!

இனி எண்ணெய்க்கு வருவோம். 1926இல் அமெரிக்காவின் பாக்கர்டு கார்களில் ஹைபாய்டு என்னும் பல்லமைப்பு வந்தது. பினியனைக் கிரவுனின் நடுமட்டத்துக்குக் கீழே இறக்கி வைத்தார்கள்; வண்டியின் தளம் தாழ்ந்தது, ஓசையும் குறைந்தது. அதற்கு ஒரு விலை உண்டு. இந்தப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருளுவதோடு நில்லாமல், பெரும் அழுத்தத்தோடு சறுக்கவும் செய்கின்றன. சாதாரண எண்ணெய் அந்த அழுத்தத்தில் பிதுங்கி விலகிவிடும். இரும்பும் இரும்பும் உரசும். அதைத் தடுக்கவே கந்தகமும் பாஸ்பரசும் கலந்த சேர்மங்களை எண்ணெயில் சேர்க்கிறார்கள். சூடு ஏறும்போது அவை பல்லின்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் கட்டிக்கொள்ளும். பின்னச்சு எண்ணெயைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நாற்றம் அந்தக் கந்தகத்தின் கொடைதான். (இந்த நாற்றம் பட்ட சட்டையோடு எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் நுழைய எவருக்கும் அனுமதி இல்லை.)

எஞ்சின் எண்ணெய்க்கு வடிகட்டி உண்டு. பின்னச்சு எண்ணெய்க்குப் பெரும்பாலும் கிடையாது. இந்த ஒன்றை மனத்தில் நிறுத்துங்கள். தேய்ந்த இரும்புத்தூள் வெளியேற வழியின்றி அங்கேயே சுற்றிச் சுற்றி மீண்டும் பல்லையும் பேரிங்கையும் தேய்க்கிறது. எஞ்சின் எண்ணெயோ எரிந்து குறையும், கறுக்கும், விளக்குப் போட்டு எச்சரிக்கும். இது குறைவதில்லை, குரல் கொடுப்பதில்லை, கறுத்தாலும் காண்பார் இல்லை. குரல் கொடுக்கும் நாளில், அதாவது வேகம் கூடக்கூட ஊளையிடத் தொடங்கும் நாளில், எண்ணெய் மாற்றிப் பயன் பெரிதில்லை; பல் தேய்ந்தாயிற்று. சில நூறு ரூபாய் எண்ணெயில் முடிந்திருக்க வேண்டியது பல ஆயிரத்தில் முடியும்.

இது போன உலகத்துப் பேச்சு என்று சொல்ல நினைப்பவர்க்கு ஒரு சொல். மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் நம்மவரை ஏற்றி இறக்கிய கறுப்பு மஞ்சள் பிரீமியர் பத்மினிகள் பின்சக்கர வண்டிகள். வால்சந்த் ஹிராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் நிறுவனம் குர்லாவில் அவற்றை உருவாக்கியது. 2023 அக்டோபர் முடிவோடு கடைசிப் பத்மினி டாக்சியும் மும்பைச் சாலையைவிட்டு விடைபெற்றது. அதே நிறுவனத்துக்குக் கல்யாண்–ஷில் சாலையில் ஓர் ஆலை இருந்தது. 1994இல் அங்கே பெஜோ 309 கார்களைச் செய்யத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அது நின்றுபோயிற்று. பெஜோ முன்சக்கர வண்டி. அதில் டிபரன்ஷியல் பின்னாலிருந்து பெயர்ந்து கியர்ப் பெட்டிக்குள் குடியேறியிருந்தது. இன்றைய கார்களுள் பெரும்பாலானவை அந்த வகையே. அவற்றுக்குத் தனியே பின்னச்சு எண்ணெய் இல்லை. ஆகவே டிபரன்ஷியல் மாண்டுபோகவில்லை, வீடு மாறியிருக்கிறது. மின்சாரக் காரிலும் அது உண்டு. அதற்கும் எண்ணெய் உண்டு.

ஆனால் சுமை தூக்கிப் பிழைக்கும் வண்டிகளைப் பாருங்கள். 2005இல் வந்த டாட்டா ஏஸ், மகிந்திரா பொலேரோ, மாருதி ஈகோ, 2019இல் உற்பத்தி நின்றும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஆம்னி: எல்லாம் பின்சக்கரத்தால் உந்துபவை. கல்யாண் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றுவதும், பள்ளிப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போவதும், இட்லி மாவு கொண்டுபோய்க் கடைகளுக்குப் போடுவதும் இவைதாம். சொகுசுக் காரர்களுக்கு இல்லாத கவலை உழைப்பாளிக்கு மட்டும் எஞ்சியிருக்கிறது. அந்த உழைப்பாளிகளுள் நம் அப்பாக்களும் மாமாக்களும் அண்ணன்மாரும் இருக்கிறார்கள்.

கல்யாண் வண்டிக்கு வேறொரு கேடும் காத்திருக்கிறது, அது மழை. 2005 ஜூலை 26 பெருவெள்ளத்தை மும்பை வட்டாரத்தில் மறந்தவர் இல்லை. 2019 ஜூலை 27 அன்று உல்லாஸ் ஆறு பெருகி, பத்லாபூருக்கு அப்பால் மகாலட்சுமி விரைவு வண்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளோடு வெள்ளத்தில் நின்றதையும் நாடறியும். இவை பெரிய செய்திகள். செய்தித்தாளில் வராத சிறு வெள்ளம் ஒவ்வோர் ஆடி மாதமும் நம் சாலையில் முழங்கால் அளவு நிற்கிறது. இந்த நீரில் பின்னச்சு மூழ்கும்போது நடப்பது இது: ஓடிச் சூடேறிய கூட்டுக்குள் காற்றும் சூடாக விரிந்திருக்கும். குளிர்ந்த நீர் சூழ்ந்ததும் அந்தக் காற்று சட்டென்று சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப வெளியிலிருந்து எதையேனும் உறிஞ்சியாக வேண்டும். பிரீதர் என்னும் மூச்சுக்குழல் வழியாகவும், கிழடு தட்டிய சீல் வழியாகவும் அது தண்ணீரையே குடித்துவிடும். அடுத்த நாள் வண்டி வழக்கம்போல ஓடும். ஓட்டுபவர் கடவுளுக்கு நன்றி சொல்வார். உள்ளே எண்ணெயும் நீரும் கடைந்த மோர் போலக் கலந்து பேரிங்கில் துரு ஏற்றிக்கொண்டிருக்கும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது என்பதற்கு வண்டியோடு வந்த கையேடே அதிகாரம். வண்டிக்கு வண்டி அது மாறும். கனத்த சுமை, மேடு பள்ளம், வெள்ளம் ஆகியவை சேர்ந்தால் கையேட்டுக் கணக்குக்கு முன்பே மாற்றுவது அறிவு. சில நிறுவனங்கள் 'வாழ்நாள் முழுதும் மாற்ற வேண்டாத எண்ணெய்' என்று எழுதுகின்றன. யாருடைய வாழ்நாள் என்று மட்டும் எழுதுவதில்லை.

எங்கள் வீட்டில் இருப்பது பழையதாக வாங்கிய ஓர் ஈகோ. அப்பா அதில் மாவு விநியோகம் செய்கிறார். சென்ற ஆண்டு ஒரு பட்டறையில் விட்டு எடுத்தபோது, பட்டியலில் 'டிபரன்ஷியல் ஆயில்' என்று ஒரு வரி இருந்தது, காசும் கொடுத்தாயிற்று. வீட்டுக்கு வந்து படுத்துப் பார்த்தேன். நிரப்பும் மூடியைச் சுற்றிப் பல மழைக்காலத்துச் சேறு கல்லாய்க் காய்ந்து, கீறல்கூட விழாமல் இருந்தது. கையே படாத மூடி எண்ணெய் மட்டும் எப்படிக் குடித்தது? அப்பா சண்டைக்குப் போகவில்லை. "விடுப்பா, நாளைக்கும் அவன் வாசலுக்குத்தான் போகணும்" என்றார். அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. நமக்குத் தெரியாத இடத்தில் நாம் எவரையும் கேள்வி கேட்க முடிவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே நான் மல்லாந்து படுத்தேன். அதன்பின் உறவினர் வண்டிகள் இரண்டுக்கும் செய்திருக்கிறேன். ஆகவே கேள்விஞானத்தால் எழுதவில்லை.

இனி வேலையைச் சொல்கிறேன். கால்மணி நேரம் வண்டியை ஓட்டிவிட்டு வாருங்கள்; எண்ணெய் இளகிச் சீக்கிரம் வடியும், தூளையும் தூக்கிக்கொண்டு வரும். சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக் இழுத்து, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். பின்பக்கத்தைத் தூக்காமலே கை எட்டுமானால் தூக்கவே வேண்டாம். தூக்கினால், ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு விரலைக்கூட உள்ளே விடாதீர்கள். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு இரும்புத் தாங்கிகள் வேண்டும். செங்கலை அடுக்கி வைப்போரைப் பார்க்கிறேன். செங்கல் நொறுங்குமுன் சொல்லிவிட்டு நொறுங்காது. மழை ஊறிய மண்ணில் தாங்கியின் கால் அமுங்கும். அங்கே இந்த வேலையே கூடாது. எண்ணெய் இன்னொரு நாள் மாறும், மார்பெலும்பு மாறாது.

இரண்டு மூடிகள் இருக்கும். கீழே இருப்பது வடிக்க. பக்கவாட்டில் மேலே இருப்பது நிரப்ப. இரண்டையும் சுற்றி இரும்பு பிரஷால் தேய்த்துச் சேற்றைப் போக்குங்கள். பிறகு மேல்மூடியை முதலில் கழற்றுங்கள். ஏன் முதலில் மேல்? கீழ்மூடியைத் திறந்து எண்ணெயை எல்லாம் கொட்டிய பிறகு, துருவேறிய மேல்மூடி அசைய மறுத்தால், எண்ணெயில்லாத வண்டியோடு வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பட்டறைக்குக்கூட ஓட்ட முடியாது. மேல்மூடி அசையவில்லையா? அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள். பழைய எண்ணெயாவது உள்ளே இருக்கிறது. சில வண்டிகளில் மூடியின் தலை அறுமுகமாக இருக்கும். சிலவற்றில் சதுரக் குழியாக இருக்கும். பொருந்தாத ஸ்பானரைப் போட்டு முனையை மழுக்குபவன் தனக்குத் தானே எதிரி. வடிமூடியே இல்லாத வண்டிகளும் உண்டு. அவற்றில் பின்தகட்டையே கழற்றியாக வேண்டும். முதல் முறை செய்பவர்க்கு அது வேண்டாம்.

அகன்ற தட்டை வைத்துக் கீழ்மூடியைத் திறந்ததும், தடித்த நூலாய் எண்ணெய் இறங்கும். இங்கேதான் படித்தவன் படிக்க வேண்டிய பாடம் இருக்கிறது. மூடியில் காந்தம் இருந்தால் அதன்மேல் சாம்பல் நிறத்தில் சாந்து போல ஒட்டியிருப்பதை விரலில் தொட்டுப் பாருங்கள். மை போல நைந்தால் இயல்பான தேய்மானம். நறநறவென்று துகள் தட்டுப்பட்டாலும், பல்லின் துண்டு கிடந்தாலும், இது எண்ணெயால் தீரும் நோயன்று. எண்ணெய் பால் கலந்த காப்பியாய் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது; மூச்சுக்குழல் அடைத்திருக்கிறதா, சீல் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டறையில் விட்டுவிட்டுத் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தச் சேதிகள் ஒருபோதும் வந்து சேரா.

வடிந்து ஓய்ந்தபின் புது வாஷர் போட்டுக் கீழ்மூடியை முடுக்குங்கள். எந்த எண்ணெய் என்பதைக் கையேட்டில் பாருங்கள். கடைக்காரர் வாயில் பார்க்க வேண்டாம். இவ்வகைப் பின்னச்சுகளில் பலவற்றுக்கு 80டபிள்யூ-90 கனமுள்ள ஜிஎல்-5 தரம் சொல்லியிருப்பார்கள். ஜிஎல்-4 என்பது வேறு. அது பல கியர்ப் பெட்டிகளுக்கு உரியது. எண் ஒன்றுதானே கூட என்று மாற்றி ஊற்றக் கூடாது. பெரிய ஊசிக்குழலும் ஒரு முழ ரப்பர்க் குழாயும் இருந்தால் நிரப்பிவிடலாம். வண்டி சமமாக நிற்கும்போது மேல்துளையின் கீழ்விளிம்பைத் தொட்டு எண்ணெய் வழியத் தொடங்கியதும் நிறுத்த வேண்டும். பின்பக்கம் மட்டும் தூக்கி நிற்கையில் பார்க்கும் அளவு பொய்யளவு. கொஞ்சம் கூடவே இருக்கட்டும் என்ற தாராளமும் ஆகாது. கூடுதல் எண்ணெய் சீலைத் தாண்டிப் பிரேக் டிரம்முக்குள் இறங்கினால் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. அவ்வளவுதான் வேலை. பழகிய கைக்கு ஒரு மணி நேரம்.

"நீ எதற்கப்பா இதையெல்லாம் செய்கிறாய்? படிக்கிற பிள்ளை!" என்று எங்கள் சொசைட்டியில் ஒரு பெரியவர் கேட்டார். அன்பால் கேட்டார், ஐயமில்லை. ஆனால் அந்த அன்புக்குள் ஒரு நஞ்சு ஒளிந்திருக்கிறது. படிக்கிற பிள்ளையின் கையில் மைக்கறை இருக்கலாம், எண்ணெய்க்கறை இருக்கக் கூடாதாம்! அப்படியானால் எண்ணெய்க்கறை யார் கைக்கு? படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டறைக்கு வந்த சிறுவனின் கைக்கு. அழுக்கு ஒருவனுக்கு, அறிவு ஒருவனுக்கு என்று பிரித்து வைத்தது யார்? ஏட்டைத் தொட்டவன் மேல், கருவியைத் தொட்டவன் கீழ் என்று இந்த நாடு எத்தனையோ நூற்றாண்டாகக் கட்டி வைத்த சுவரின் ஒரு செங்கல் அந்தக் கேள்வி. சாதி ஒழிக என்று நம் மன்ற மேடையில் முழங்குகிறோம், கைதட்டலும் பெறுகிறோம். மேடையை விட்டு இறங்கியதும், கறுத்த நகத்தோடு எதிரே வருபவனை ஒருமையில் அழைக்கிறோம். "டேய், வண்டி ரெடியா?"

கோவை ஜி. டி. நாயுடுவை நாம் 'அறிவியல் மேதை' என்று விழா எடுத்துப் போற்றுகிறோம். அவர் கல்லூரியில் பயின்றவர் அல்லர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தோடு தொழில் தொடங்கி, அதைத் தாமே ஓட்டியவர். அவர் படத்துக்கு மாலை போடும் நாம் அவர் கையில் படிந்திருந்த எண்ணெயை மட்டும் துடைத்துவிட்டுப் போடுகிறோம்.

ஓர் எதிர்ப்பு எழும். அது நேர்மையான எதிர்ப்பு. "எல்லாரும் வீட்டிலேயே செய்துகொண்டால் மெக்கானிக் என்ன சாப்பிடுவான்?" இதை எங்கள் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சியிடமே கேட்டேன். சிரித்தார்.

"தம்பி, இந்த ஆயில் மாத்துற காசுலயா நான் வீடு கட்டப் போறேன்? வெள்ளத்துல ஓட்டிட்டு, ஒரு வருசம் கழிச்சு ஊளை விடுதுன்னு கொண்டாந்து நிப்பாட்டுவாக. கிரவுன் போச்சுன்னு சொன்னா என்னைத் திருடன்னு நினைப்பாக. உங்களை மாதிரி உள்ள பார்த்துட்டு வாறவகட்ட நான் ஒருவாட்டி சொன்னாப் போதும்."

"அப்ப நான் செய்றது சரிதானா அண்ணாச்சி?"

"செய்யுங்க. ஜாக்கிக்கு அடியில மட்டும் சாகாதீங்க."

என் கட்டுரையைவிட அவர் பேச்சில் பொருள் அதிகம். பல்லுக்குப் பல் இடைவெளி பார்த்துக் கிரவுனையும் பினியனையும் இணைசேர்ப்பது பல்லாண்டுப் பழக்கம். அது வீட்டு வேலை அன்று, நான் தொடவும் மாட்டேன். எண்ணெய் மாற்றிப் பார்த்தவனுக்குத்தான் அந்தத் திறமையின் உயரம் தெரியும். தெரிந்தால் விலை பேசும்போது நாக்கு கூசும்.

இனி, முழுவதும் செய்ய வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அந்தப் பகுதி. தட்டில் ஒன்றரை லிட்டருக்குள் கறுப்பு எண்ணெய் நாறிக்கொண்டிருக்கிறது. என்ன செய்வது? பக்கத்தில் நாலா ஓடுகிறது. இருட்டியதும் சாய்த்துவிட்டால் எவருக்குத் தெரியும்? பலர் செய்வது அதுதான். அந்த நாலா எங்கே போகிறது என்று கல்யாணில் இருப்பவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்பர்நாத், உல்லாஸ்நகர் வழியாக வரும் வால்துனி ஆற்றின் நிறத்தை இரயிலிலிருந்தே பார்க்கிறோம். ஆலைக் கழிவும், ஜீன்ஸ் துணி சலவைச் சாயமும் கலந்து ஓடும் அந்த ஆற்றில் 2014இல் இரசாயனம் கொட்டப்பட்டு, நச்சுக் காற்றால் உல்லாஸ்நகரில் நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஆலை முதலாளியைத் திட்டிக் கட்டுரை எழுதும் நாம், நம் பங்குக்கு ஒன்றரை லிட்டர் ஊற்றிவிட்டு எழுதலாமா? ஒரு முறை மாற்றும் எஞ்சின் எண்ணெயே பத்து லட்சம் காலன் நல்ல நீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் காப்பு முகமை எச்சரிக்கிறது. பின்னச்சு எண்ணெய் அதற்குத் தம்பி முறை.

மரத்துக்குப் பூசினால் கறையான் வராது என்று ஊரில் சொல்வார்கள். அதுவும் மண்ணில் இறங்கும். எரிப்பது அதனினும் கேடு. பங்கார்வாலாவிடம் போட்டால் இரண்டு காசு கிடைக்கும். அவர் யாரிடம் போடுகிறார் என்று தெரியாமல் போடக் கூடாது. பழைய எண்ணெயை வடிகட்டிப் புது டப்பாவில் அடைத்து விற்கும் கள்ள வாணிகம் நாட்டில் உண்டு. ஆகையால் காலி டப்பாவையும் ஆணியால் துளைத்த பிறகே எறியுங்கள்.

நேர்வழி ஒன்று இருக்கிறது. பயன்படுத்திய எண்ணெய், சட்டத்தின் கண்ணில் அபாயக் கழிவு. உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் போக வேண்டியது. அதைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தும் விதிகள் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. விதி தாளில் இருக்கிறது. கல்யாணில் ஒற்றை டப்பாவோடு நிற்கும் என் போன்றவனுக்கு அது இன்னும் எட்டவில்லை. எங்கள் பால்கனியில் மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் டப்பா ஒன்றில் மூன்று வண்டியின் எண்ணெய் சேர்ந்து, ஏறத்தாழ நிறைந்திருக்கிறது. பீப்பாய்க் கணக்கில் சேர்த்து, உரிமம் உள்ளவரிடம் சீட்டோடு கொடுக்கும் பெரிய பணிமனை ஒன்றில் பேசியிருக்கிறேன், வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். காசு கேட்கவில்லை, கொடுக்கவும் மாட்டார்கள்.

இங்கேதான் நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒருவர் ஒரு டப்பாவோடு போனால் பணிமனைக் காவலாளி மேலும் கீழும் பார்க்கிறார். ஒரு மன்றம் இருபது டப்பாவோடு போனால் மேலாளர் நாற்காலி போடுவார். பொங்கல் விழாப் பட்டிமன்றத்துக்குச் செலவிடும் உழைப்பில் பத்தில் ஒரு பங்கு போதும். மே மாதத்தில், மழைக்கு முன், ஒரு ஞாயிறு. தாங்கிகள் நான்கு வாங்கி மன்றத்தின் பொதுச்சொத்தாக வைப்போம். தேவைப்படுவோர் எடுத்துப் போகட்டும். கையேட்டில் உள்ளதை ஒரே தாளில் அச்சிடுவோம். தமிழில் மட்டுமன்றி, அடுத்த வீட்டுக்காரருக்காக மராத்தியிலும். பினியனுக்கும் கிரவுனுக்கும் தனித்தமிழ்ப் பெயர் சூட்டும் பணியைச் சொல்லாய்வுக் குழு பிறகு செய்துகொள்ளலாம். தாளில் ஓட்டுநர் வாயில் வழங்கும் பெயரே இருக்கட்டும். இல்லாவிட்டால் எந்த மூடியைக் கழற்றச் சொல்கிறோம் என்று அவருக்கே தெரியாது.

தாளின் கைப்படியைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். மராத்தியில் எழுதித் தர ஒருவர் வேண்டும். முகப்புத் தொகுதி, தாணே, கல்யாண் பக்கம் இருப்பவர்கள் தங்கள் வீட்டு வண்டி எது, கடைசியாக எண்ணெய் மாற்றியது எப்போது என்று எழுதிக் கொடுங்கள். இரண்டாம் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் 'தெரியாது' என்றே எழுதுங்கள். அந்த வண்டிகளை முதலில் எடுத்துக்கொள்ளலாம்.